1 யார்டு, 26 விநாடி: சீஹாக்ஸ் ரசிகர்களான தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,



பெல்வியூ, ரெட்மண்ட், சமாமிஷ், பாத்தெல் என்று சியாட்டிலைச் சுற்றிக் குடியிருந்து, செப்டம்பர் பிறந்தால் ஞாயிற்றுக்கிழமைகளை சீஹாக்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிடும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த மடல். வாசலில் 12 என்ற எண் போட்ட நீலக் கொடியைக் கட்டுகிறவர்கள், கைக்குழந்தைக்கு 24-ஆம் எண் ஜெர்சியை மாட்டிப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பியவர்கள், ஆட்டம் புரியாமல் வந்து உட்கார்ந்து இன்று டிஃபென்ஸ் நிற்கும் அமைப்பைப் பெயர் சொல்லி விளக்குகிற அம்மாக்கள், எல்லோருக்கும்தான்.

ஒரு பழைய பேச்சை நாம் விட்டுவிட வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன். 2015 பிப்ரவரி 1, அரிசோனாவின் கிளெண்டேல் நகரில் நடந்த 49-ஆவது சூப்பர் பௌல். அந்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் அன்றைய நம் பயிற்சியாளர் பீட் கேரல்மீது ஒரே தீர்ப்புதான் வருகிறது: "1 யார்டுதான் பாக்கி. லிஞ்ச் கையில கொடுத்திருந்தா கோப்பை நம்மது. பீட் கேரலுக்கு அன்னைக்குப் புத்தி கெட்டுப்போச்சு." பெரியவர்கள் சொன்னோம், பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். அன்று பிறந்தே இராத பிள்ளைகள்கூட இன்று அதே குரலில் அதைச் சொல்கிறார்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்பது என் உறுதியான எண்ணம். தீர்ப்பை விடவும், அதை நாம் எட்டிய வழி எனக்குக் கவலை தருகிறது.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். பந்தைக் கையில் கொடுத்து ஓடவிட்டால் ரன், எறிந்தால் பாஸ். எறிகிறவர் குவார்ட்டர்பேக், பிடிக்க ஓடுகிறவர் ரிசீவர், அவரைத் தடுக்கும் எதிரணிக்காரர் கார்னர்பேக். பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைக் கடந்தால் டச் டவுன். ஓடுகிறவரை மைதானத்துக்குள்ளேயே மடக்கிவிட்டால் கடிகாரம் நிற்காமல் ஓடும். எறிந்த பந்தை யாரும் பிடிக்காவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். அரை ஆட்டத்துக்கு ஓர் அணிக்கு மூன்று டைம் அவுட். கடைசி இரண்டு நிமிடத்தின் எல்லாக் கணக்கும் இந்த நான்கைந்து விதிக்குள் அடங்கிவிடும்.

அன்று பேட்ரியாட்ஸ் 28, நாம் 24. நான்காவது கால்பகுதி தொடங்கும்போது 24-14 என்று முன்னால் இருந்தவர்கள் நாம். அவர்களுடைய குவார்ட்டர்பேக் டாம் பிரேடி இரண்டு டச் டவுன் எறிந்து முந்திவிட்டார். நமக்குப் பந்து கிடைத்தபோது 2 நிமிடம் 2 விநாடி பாக்கி. கடக்க வேண்டியது 80 யார்டு. முதல் பந்திலேயே நம் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் இடது ஓரமாக ஓடிய மார்ஷான் லிஞ்சுக்கு எறிந்து 31 யார்டு வாங்கினார். பிறகு நம் ரிசீவர் ஜெர்மெய்ன் கெர்ஸ் பிடித்த அந்தப் பந்து. 33 யார்டு. பேட்ரியாட்ஸின் மால்கம் பட்லரின் கை பட்டுத் திசைமாறி, மல்லாந்து விழுந்துகிடந்த கெர்ஸின் கால், தொடை, கை என்று துள்ளித் துள்ளிக் கடைசியில் நெஞ்சுக்கு வந்து சேர்ந்தது. எல்லோரும் ஆட்டம் நின்றதாக நினைத்த அந்தக் கணத்திலும் பட்லர் மட்டும் விடாமல் எழுந்து ஓடிவந்து கெர்ஸை வெளியே தள்ளினார். அவர் தள்ளியிராவிட்டால் அங்கேயே நமக்கு டச் டவுன். இதை நாம் யாரும் சொல்வதில்லை.

பந்து 5 யார்டு கோட்டில். அடுத்து லிஞ்சிடம்தான் கொடுத்தார்கள். தோள்பட்டைக் காயத்தோடு ஆடிக்கொண்டிருந்த டோன்டா ஹைடவர் தடுப்பவரின் பிடியிலிருந்து விலகி வந்து, லிஞ்சின் கீழ்ப்பகுதியைப் பற்றி, 1 யார்டு கோட்டில் சாய்த்தார். கடிகாரம் ஓடியது. பேட்ரியாட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிச்செக், கையில் டைம் அவுட் இருந்தும் கூப்பிடவில்லை. அசையாமல் நின்று நம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாம் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கும்போது 26 விநாடி.

கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பாருங்கள். 26 விநாடி, மூன்று டவுன், ஒரே ஒரு டைம் அவுட். இரண்டாவது டவுனில் ரன் ஆடி லிஞ்சை மடக்கிவிட்டால் கடிகாரம் ஓடும். அதை நிறுத்த அந்த ஒரே டைம் அவுட்டும் போய்விடும். பிறகு மூன்றாவது டவுனில் ரன்னை நினைக்கவே முடியாது. மறுபடி மடக்கினால், குவிந்து கிடக்கும் ஆட்கள் எழுந்து, வரிசை கட்டி நான்காவதைத் தொடங்குவதற்குள் ஆட்டம் முடிந்துபோகும். ஆக மூன்றாவது டவுன் பாஸ்தான் என்பது எதிரணிக்கு ஐயமில்லாமல் தெரிந்துவிடும். இரண்டாவது டவுனிலேயே பாஸ் ஆடினால் கதை வேறு. பந்து பிடிபடாமல் போனால் கடிகாரம் தானே நிற்கும். டைம் அவுட் கையில் இருக்கும். மூன்றாவது டவுனில் ரன்னா பாஸா என்று எதிரணி குழம்ப வேண்டும். ரன் ஆடி மடங்கினால் டைம் அவுட். நான்காவதிலும் இரண்டு வழியும் திறந்திருக்கும். மூன்று டவுனையும் முழுசாகப் பயன்படுத்த வேண்டுமென்றால் எங்காவது ஒரு பாஸ் ஆடித்தான் ஆக வேண்டும். அதை எதிர்பாராத இடத்தில் ஆடுவதே நல்லது.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் மூன்று ரிசீவர்களை இறக்கினோம். பெலிச்செக் அவர்களுக்கு எதிராக மூன்று கார்னர்பேக்குகளை மட்டும் விட்டுவிட்டு, மீதி எட்டுப் பேரையும் ரன்னைத் தடுக்கும் கனத்த ஆட்களாக வரிசையில் நிறுத்தினார். அந்தச் சுவரில் லிஞ்சை மோதவிடுவதா, மூன்றுக்கு மூன்று என்று வெளியே நிற்கும் இடத்தில் பந்தை எறிவதா? அந்த சீசனில் லிஞ்ச் 1 யார்டு கோட்டிலிருந்து ஓடிய ஐந்து முறையில் ஒரே முறைதான் டச் டவுன். அதே சீசனில் என்.எப்.எல். முழுக்க அந்தக் கோட்டிலிருந்து எறிந்த பந்து ஒன்றுகூட அதுவரை எதிரணி கையில் சிக்கியிருக்கவில்லை. இவ்வளவும் பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு முன்பே கேரலுக்கும் தாக்குதல் பயிற்சியாளர் டேரல் பெவலுக்கும் தெரிந்திருந்த விஷயங்கள்.

ஆனாலும் நம் மனம் லிஞ்சிடமே போகிறது. காரணம் எனக்குப் புரிகிறது. 2011 ஜனவரி 8 அன்று நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸுக்கு எதிராக அவர் ஓடிய 67 யார்டை எந்த சியாட்டில்காரரால் மறக்க முடியும்? ஒருவர் பின் ஒருவராகத் தொங்கியவர்களை உதறிக்கொண்டே போனார். கூட்டம் குதித்த குதியில் பக்கத்து நில அதிர்வுக் கருவி அதிர்வைப் பதிவு செய்தது. அந்த ஓட்டம் நம் ரத்தத்தில் ஊறிவிட்டது. அந்த சூப்பர் பௌலிலும் 24 ஓட்டத்தில் 102 யார்டு எடுத்திருந்தார். அவர்மீது நமக்குள்ள அன்பு மெய்யானது. கணக்கை அந்த அன்பை வைத்துப் போட முடியாது.

பிறகு நடந்தது பட்லர். மேற்கு அலபாமா என்ற சிறிய கல்லூரியிலிருந்து வந்து, எந்த அணியும் டிராஃப்டில் எடுக்காமல் விட்ட புதுமுகம். அந்த வாரப் பயிற்சியில் சீஹாக்ஸின் இதே ஆட்டத்தை மாதிரிக்கு ஆடிக் காட்டியபோது, தாமதமாக வந்து டச் டவுனை விட்டுக்கொடுத்தவர் இவர்தான். சொல்லித் திருத்தினார்கள். ஆட்டத்தில் கெர்ஸும் ரிக்கார்டோ லாக்கெட்டும் ஒருவர் பின் ஒருவராக நெருங்கி நின்றதைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. கெர்ஸ் முன்னே பாய்ந்து பட்லரின் வழியை மறிக்க வேண்டும்; அதுதான் திட்டம். பிராண்டன் பிரவுனர் கெர்ஸை நின்ற இடத்திலேயே இறுக்கிப் பிடித்து நிறுத்திவிட்டார். அவர் முந்தைய ஆண்டுவரை நம் அணியில் இருந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். வழி திறந்தது. லாக்கெட் உள்ளே திரும்ப, வில்சனின் கையிலிருந்து பந்து கிளம்ப, பட்லர் அவரை முந்திக்கொண்டு அதே புள்ளிக்குப் பாய்ந்தார். 20 விநாடி பாக்கியிருக்கப் பந்து பேட்ரியாட்ஸ் கையில்.

அது ஓர் அற்புதமான ஆட்டம். நாம் அதைப் பட்லருடைய சாதனையாகப் பார்க்காமல் கேரலின் குற்றமாக மட்டும் பார்க்கிறோம். எதிரில் நிற்கிறவனும் வாரம் முழுக்க உழைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்பதை ஏன் மறந்துவிடுகிறோம்?

கேரலிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. முதல் இரண்டு டைம் அவுட்டும் அந்த ஒரே டிரைவில், பந்து 1 யார்டு கோட்டுக்கு வருவதற்குள்ளேயே செலவாகிவிட்டன. ஒன்றாவது மிஞ்சியிருந்தால் மேலே சொன்ன கணக்கே தலைகீழ். இரண்டாவது, மூன்றாவது டவுன் இரண்டிலும் ரன் ஆடியிருக்கலாம். என்னைக் கேட்டால் கோப்பை நழுவத் தொடங்கியது அங்கேதான். அடுத்த குறை, பாஸ் என்ற முடிவில் இல்லை. எந்த பாஸ் என்பதில் இருக்கிறது. நெரிசலான நடுப்பகுதிக்குள் பாயும் ஸ்லான்ட்டில் குவார்ட்டர்பேக்குக்குப் பின்வாங்க இடமில்லை. வில்சன் ஓடத் தெரிந்தவர். அவரை வலப்பக்கம் நகரவிட்டு, ஆள் கிடைத்தால் எறி, வழி கிடைத்தால் ஓடு, இரண்டும் இல்லையென்றால் பந்தை ஓரக்கோட்டுக்கு வெளியே வீசு என்று விட்டிருக்கலாம். எறிந்த பந்தும் லாக்கெட்டின் மார்புக்குச் சற்று முன்னே போனது. உடம்பை ஒட்டி, தாழ்வாகப் போயிருந்தால் பட்லருக்கு எட்டியிராது. இவை வாதாடத் தக்க குறைகள். இவற்றைப் பேசலாம், பேச வேண்டும். "லிஞ்ச் கையில கொடுத்திருந்தா" என்ற ஒரு வரியில் இவையெல்லாம் மூழ்கிப்போகின்றன.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஜனவரி 18 அன்று நம் ஊர் மைதானத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கிரீன் பே பேக்கர்ஸுக்கு எதிரான என்.எப்.சி. இறுதி. வில்சன் நான்கு இன்டர்செப்ஷன் கொடுத்திருந்தார், அதாவது அவர் எறிந்த நான்கு பந்தை எதிரணி பிடித்துக்கொண்டது. நான்கும் கெர்ஸை நோக்கி எறிந்த பந்துகள். பலர் மைதானத்தைவிட்டு வெளியேறிவிட்டார்கள். திரும்ப உள்ளே வர வாசலில் கெஞ்சினார்கள். கடைசி சில நிமிடத்தில் ஆட்டம் புரண்டு, 22-22 என்று கூடுதல் நேரத்துக்குப் போனது. அதில் வில்சன் 35 யார்டு எறிந்து டக் பால்ட்வினைக் கண்டுபிடித்தார். அடுத்த பந்து. பேக்கர்ஸ் பின்னால் காவலுக்கு ஒருவரையும் விடாமல் அத்தனை பேரையும் முன்னே கொண்டுவந்ததைக் கோட்டில் நின்றபடி பார்த்தார். அந்த இடத்திலேயே ஆட்டத்தை மாற்றினார். நடுவில் ஓடிய கெர்ஸுக்கே, அதே கெர்ஸுக்கே, 35 யார்டு எறிந்தார். டச் டவுன், 28-22, சூப்பர் பௌல்.

நான்கு முறை கெட்டுப்போன திசையில் ஐந்தாவது முறை எறிந்ததை அன்று நாம் துணிச்சல் என்றோம். மாலை போட்டோம். அந்தப் பந்து பேக்கர்ஸ் கையில் விழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? பார்த்தது சரி, எடுத்த முடிவு சரி. அது பலித்திருக்காவிட்டாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். அந்த நியாயத்தை கிளெண்டேலுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். போக்கர் ஆட்டக்காரர் ஆனி ட்யூக் முடிவெடுப்பதைப் பற்றி 2018-இல் எழுதிய 'திங்கிங் இன் பெட்ஸ்' நூலை இந்த ஒரு பந்திலிருந்துதான் தொடங்குகிறார். கிடைத்த பலனை வைத்து எடுத்த முடிவுக்கு மதிப்பெண் போடும் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அவருக்குக் கிடைக்கவில்லை.

பயிற்சியாளர் எதைச் செய்தாலும் ஆதரிக்க வேண்டும் என்பதாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். பலன் தெரியும் முன்பே தவறான முடிவுகளும் உண்டு. 2017 பிப்ரவரி 5, ஹியூஸ்டனில் நடந்த 51-ஆவது சூப்பர் பௌலை எடுத்துக்கொள்ளுங்கள். 28-3 என்று முன்னால் இருந்த அட்லாண்டா ஃபால்கன்ஸை பேட்ரியாட்ஸ் 28-20 வரை துரத்தி வந்திருந்தார்கள். ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் ஜூலியோ ஜோன்ஸ் ஓரக்கோட்டின் மேல் உடம்பை வளைத்து ஒரு பந்தைப் பிடித்து, எதிரணியின் 22 யார்டு கோட்டில் அட்லாண்டாவை நிறுத்தினார். மூன்று முறை பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டு, 40 யார்டு அளவில் ஒரு ஃபீல்ட் கோல் உதைத்தால் 31-20. அதற்குமேல் ஒரே டச் டவுனால் எட்ட முடியாத தூரம். அவர்கள் ஒரு ரன் ஆடி 1 யார்டு இழந்தார்கள்; அடுத்து பாஸுக்குப் போனார்கள். மேட் ரையன் பின்வாங்கி நிற்க, டிரே ஃபிளவர்ஸ் வந்து 12 யார்டு பின்னால் சாய்த்தார். அடுத்த பந்தில் ஹோல்டிங் தண்டனை, இன்னும் 10 யார்டு. ஃபீல்ட் கோல் தூரமே கைவிட்டுப் போய், பந்தை உதைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. பேட்ரியாட்ஸ் 91 யார்டு வந்து சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 34-28 என்று வென்றார்கள்.

அங்கே அந்த பாஸ் தவறு. ரையனைச் சாய்த்ததால் அது தவறாகிவிடவில்லை. எறிந்து 15 யார்டு கிடைத்திருந்தாலும் தவறுதான். ஓடும் கடிகாரம் அட்லாண்டாவுக்கு நண்பன், நமக்கு கிளெண்டேலில் எதிரி. அவர்களுக்குத் தேவைப்பட்ட மூன்று புள்ளி கையிலேயே இருந்தது. நமக்கு டச் டவுன் தவிர எதுவும் உதவாது. இரண்டு இடத்திலும் ஆடியது பாஸ். ஒன்றைச் சரி என்றும் மற்றதைத் தவறு என்றும் நான் சொல்வது இந்த வித்தியாசத்தால்தான்.

குவார்ட்டர்பேக்கின் பக்கம் வருவோம். 1994 முதல் பயிற்சியாளரின் குரல் அவர் ஹெல்மெட்டுக்குள்ளேயே கேட்கிறது. ஆனால் ஆட்டம் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 விநாடி இருக்கும்போது அந்தக் குரல் அறுந்துவிடும். அதற்குமேல் அவர் தனி ஆள். 60,000, 70,000 பேரின் இரைச்சலுக்கு நடுவே எதிரணி நிற்கும் நிற்பைப் படிக்க வேண்டும். வந்த ஆட்டத்தை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று தீர்மானிக்க வேண்டும். பந்து கைக்கு வந்தபின் மூன்று விநாடிக்குள் அனுப்ப வேண்டும். அந்த மூன்று விநாடிக்குள் எறியாமல் விடுவதும், வெளியே வீசுவதும் முடிவுகள்தான். நாம் அவற்றை எண்ணுவதே இல்லை.

ஜோ மொன்டானாவின் 1989 சூப்பர் பௌல் டிரைவை எல்லோரும் சொல்வார்கள். மயாமியில் சின்சினாட்டி பெங்கால்ஸிடம் 16-13 என்று பின்தங்கி, 3 நிமிடம் 10 விநாடி இருக்கையில், தன் 8 யார்டு கோட்டிலிருந்து தொடங்கி 92 யார்டு. அதில் எனக்குப் பிடித்த பந்து யாரும் பேசாத ஒன்று. கத்திக் கத்தி ஆட்டம் சொன்னதில் மொன்டானாவுக்கு மூச்சு முட்டித் தலை சுற்றியது. டைம் அவுட் வேண்டும் என்று ஓரத்துக்குச் சைகை காட்டினார். பயிற்சியாளர் பில் வால்ஷ் கொடுக்கவில்லை. அடுத்த பந்தை ஜெர்ரி ரைஸின் தலைக்கு மேலே, யாருக்கும் எட்டாமல் வெளியே எறிந்தார். கடிகாரம் நின்றது; மூச்சு திரும்பியது. ஒரு டவுன் போனால் போகட்டும் என்று விட்டார். அதன்பின் ஒரு தண்டனையால் 20 யார்டு தேவை என்ற நிலை வந்தபோது ரைஸுக்கே 27 யார்டு. கடைசியில் 34 விநாடி இருக்க, ஜான் டெய்லருக்கு 10 யார்டு டச் டவுன். அந்த ஆட்டம் முழுக்க டெய்லர் பிடித்த ஒரே பந்து அது. எதிரணியின் கண்ணெல்லாம் ரைஸ் மேல் இருந்தது.

விதியைத் தெரிந்துவைத்திருப்பதும் இதே வகைத் திறமை. 2022 ஜனவரியில் டாலஸ் கவ்பாய்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 23-17 என்று பின்தங்கியிருக்கையில், 14 விநாடி பாக்கி, டைம் அவுட் ஒன்றும் இல்லை. டாக் பிரெஸ்காட் நடுவே 17 யார்டு ஓடி விழுந்தார். பந்தை நடுவர் தொட்டு வைத்தபிறகுதான் அடுத்த ஆட்டம் தொடங்கும். பிரெஸ்காட் அதை நடுவரிடம் கொடுக்காமல் தன் சென்டரிடம் கொடுத்தார். நடுவர் பின்னாலிருந்து ஓடிவந்து, இடித்து நுழைந்து, பந்தை வைப்பதற்குள் நேரம் முடிந்தது. அடுத்த வாரமே கான்சஸ் சிட்டியில் பேட்ரிக் மஹோம்ஸுக்கு 13 விநாடி இருந்தது. டைம் அவுட் மூன்றும் இருந்தன. டைரீக் ஹில்லுக்கு 19 யார்டு, டைம் அவுட். டிராவிஸ் கெல்சிக்கு 25 யார்டு, டைம் அவுட். மூன்று விநாடி மிச்சம் வைத்து, 49 யார்டு உதைக்கு ஹாரிசன் பட்கரை வரவழைத்தார். பஃபலோவுக்கு எதிரான அந்த ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் 42-36 என்று வென்றார்கள். அந்த 13 விநாடியை மந்திரம் என்கிறோம். சேமித்து வைத்த டைம் அவுட் இல்லாமல் மந்திரம் ஏது?

புள்ளி எடுக்காமல் இருப்பதே சரி என்கிற நேரமும் உண்டு. 2023 பிப்ரவரி சூப்பர் பௌலில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக கான்சஸ் சிட்டியின் ஜெரிக் மெக்கின்னன், திறந்து கிடந்த எண்ட் ஸோனுக்கு முன்னால் வேண்டுமென்றே சறுக்கி உட்கார்ந்தார். கடிகாரத்தைக் கரைத்து, 8 விநாடி இருக்கும்போது உதைத்து, 38-35. கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் மீதி வைத்து ஏழு புள்ளி எடுப்பதைவிட அது பாதுகாப்பு.

பெலிச்செக்கின் அசையாத நிற்பைப் புகழ்கிறவர்கள் 2009 நவம்பரையும் நினைக்க வேண்டும். இண்டியானாபோலிஸில் 34-28 என்று முன்னால் இருந்தபோது, தன்னுடைய 28 யார்டு கோட்டிலேயே நான்காவது டவுனில் 2 யார்டுக்குத் துணிந்தார். எதிரில் பெய்டன் மேனிங். பந்தை அவரிடம் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. கொஞ்சத்தில் தவறியது, 35-34 என்று தோற்றார்கள். நாடே அவரைத் திமிர் பிடித்தவர் என்றது. அதே மனிதர் கிளெண்டேலில் டைம் அவுட் கூப்பிடாமல் நின்றதை இன்று மேதைமை என்கிறோம். நாம் அந்த ஒரு யார்டை எடுத்திருந்தால், பிரேடிக்கு நேரம் மிச்சம் வைக்காமல் கோப்பையைப் பறிகொடுத்த பயிற்சியாளர் என்று அவர் பெயர் நின்றிருக்கும்.

நண்பர்களே, நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் நம் பிள்ளைகள். பள்ளி முடிந்து ஃபிளாக் ஃபுட்பால் ஆடும் பிள்ளைகள் நம் கூட்டத்திலேயே எத்தனை பேர்! 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அந்த ஆட்டம் முதன்முறையாக இடம்பெறப் போகிறது. பெண் பிள்ளைகளும் ஆர்வமாக வருகிறார்கள். சனிக்கிழமை காலை ஈரப் புல்தரையில் ஒரு பத்து வயதுப் பிள்ளை பந்தை எறிகிறது. எதிரணிக்காரப் பிள்ளை பாய்ந்து பிடித்துவிடுகிறது. ஓரத்தில் நிற்கும் அப்பாவின் முதல் வார்த்தை, "ஏன்டா எறிஞ்ச?" அடுத்த முறை அந்தப் பிள்ளைக்கு ஆள் திறந்து கிடப்பது தெரியும், ஆனாலும் எறியாது. பயம் பழகிவிடும். தேர்வில், வேலையில், வீடு வாங்குவதில் என்று எங்கும் பலனை மட்டும் பார்த்துத் தட்டிக்கொடுக்கவும் திட்டவும் நாம் பழகியவர்கள் என்பதால், மைதானத்தில் கொஞ்சம் கூடுதலாகவே கவனமாக இருக்க வேண்டும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு ஆட்டத்தில் நான்கு நிமிடம் பாக்கி என்று வரும்போது, பந்தைப் பார்க்கும் முன் திரையின் மூலையில் தெரியும் கடிகாரத்தையும் இரு அணிக்கும் மீதமுள்ள டைம் அவுட்டையும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பந்து கிளம்பும் முன்பே "நீயா இருந்தா என்ன ஆடுவ, ஏன்?" என்று கேளுங்கள். நீங்களும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன்பிறகு என்ன நடந்தாலும் சொன்னதை மாற்றாதீர்கள்.

சனிக்கிழமை உங்கள் பிள்ளை இன்டர்செப்ஷன் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து வரும்போது, முதலில் தண்ணீர் கொடுங்கள். பிறகு "என்ன பார்த்தே?" என்று மட்டும் கேளுங்கள். பதிலை முழுவதும் கேட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு ரசிகன்